அப்டேட் போட்ட பிறகு போனில் இணைப்பு வரவில்லையா?

போனை அப்டேட் பண்ணிய மறுநாள் கொழும்பிலுள்ள மகனோடு பேசப் பார்த்தால், ‘இணைப்பு இல்லை’ என்று வருகிறது. சிக்னல் இருக்கிறது, ரீலோட் போட்ட சல்லியும் இருக்கிறது. உடனே டவுன் கடைக்கு ஓட வேண்டாம்.

முதலில் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். அணைந்து எழும்பும்போது சில பழைய போன்களில் திகதி பின்னுக்குப் போய்விடும். நாம் இணையத்தில் எதைத் திறந்தாலும் அது போனுக்கு ஒரு சான்றிதழைக் காட்டும். லைசன் மாதிரி அதற்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. போன் 1970ஆம் ஆண்டில் நின்றால், ‘இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை’ என்று கதவைச் சாத்திவிடும். செட்டிங்ஸில் நேரத்தைத் தானாக எடுக்கும்படி போட்டுவிடுங்கள்.

ஒரு ஆப் மட்டும் கரைச்சல் கொடுத்தால் அதையும் அப்டேட் பண்ணுங்கள். எதுவுமே திறக்காவிட்டால் ‘நெட்வொர்க் ரீசெட்’ கொடுக்கலாம். வைஃபை பாஸ்வேர்டைத் திரும்ப அடிக்க வேண்டிவரும், படங்கள் போகாது.

‘ஃபேக்டரி ரீசெட்’ வேறு சங்கதி. அது போனில் உள்ளதை எல்லாம் அழித்துவிடும். நமக்குத் தெரிந்த ஒரு அக்காவின் போனுக்குக் கடையில் அதைத்தான் செய்தார்கள். இறந்துபோன தகப்பனாரின் படங்கள் அதோடு போய்விட்டன. கடைக்காரர் அந்தப் பேச்சை எடுத்தால், படங்களை மெமரி கார்டில் ஏற்றி, கார்டைக் கழற்றிக்கொண்டு பிறகு போனைக் கொடுங்கள்.