கோடைக் காய்கறியில் மாவில்லாப் பை

தலைநகர் தில்லியில் பங்குனி பிறந்ததும், குளிர்காலத்துக் காலிபிளவரும் பச்சைப் பட்டாணியும் சந்தையினின்று மெல்ல விடைபெறுகின்றன. அவற்றின் இடத்தைச் சுரையும் பீர்க்கும் வெண்டையும் கத்தரியும் பிடித்துக்கொள்கின்றன. அரசாங்கக் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு வாய்த்தவர்கள் மாசி மாதத்தில் புழக்கடையில் ஊன்றிய இரண்டே சுரை விதைகள், வைகாசிக்குள் வேலியெங்கும் படர்ந்து, வீட்டார் உண்டு தீராத அளவுக்குக் காய்த்துவிடும். கூட்டு, பொரியல், சாம்பார் என்று ஒரு வாரம் ஓடியபின், "இன்றும் சுரைக்காய்தானா?" என்னும் கேள்வி எழாத தமிழ்க் குடும்பம் இங்கு இருக்க இயலாது. அக்கேள்விக்கு ஒரு விடையை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அதை நாங்கள் தேடியதற்கு வேறொரு காரணமும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தந்தையார் கும்பகோணத்தை விட்டு எங்களோடு வசிக்க வந்தார். அவருக்கு நீரிழிவு நோய். அரிசியைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியிருந்தார். ஆகவே நாங்கள் சோறும் குழம்புமாக உண்ண, அவருக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் வெந்த காயும் ஒரு சப்பாத்தியும் வைக்கப்பட்டன. அவர் குறை கூறவில்லை. ஆனால் நாளடைவில் எங்களுக்கு முன்னதாகவே தனியே உண்டு, கையலம்பிவிட்டு, திண்ணையில் போய் அமர்ந்துகொள்ளத் தொடங்கினார். "எனக்காக நீங்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?" என்பார். நோயாளியின் உணவு தனியுணவாகிவிட்டால், அவரும் தனியராகிவிடுகிறார் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். எல்லோரும் ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்ணக்கூடியதாகவும், அவருக்கு ஊறு செய்யாததாகவும் ஒரு பண்டம் வேண்டியிருந்தது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. 2021-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்ந்தனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரும் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. அரிசி உண்போராயினும் கோதுமை உண்போராயினும், நம்மவர் உணவில் மாவுச்சத்தே பெரும் பங்கு வகிக்கிறது.

நாங்கள் கண்ட பண்டத்தை மேல்நாட்டார் 'பை' என்பர். ஆங்கிலத்தினின்று தமிழாக்கம் செய்வதையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு, இச்சொல் எப்போதும் ஒரு சங்கடம். அப்படியே எழுதினால் படிப்பவர் கைப்பையை எண்ணுவர். அடை என்றால் தோசைக்கல்லும், அப்பம் என்றால் கார்த்திகையும் நினைவுக்கு வரும். ஆனால் சற்றே சிந்தித்தால், 'பை' என்னும் தமிழ்ச் சொல்லே அப்பண்டத்தின் இயல்பை நன்கு விளக்கிவிடுகிறது. மாவைப் பிசைந்து, பை போன்ற கூடு செய்து, உள்ளே கறியையோ காயையோ பழத்தையோ அடைத்து, சூளையடுப்பில் சுடுவதே அதன் முறை. இடைக்கால இங்கிலாந்தில் அம்மாவுக் கூட்டிற்குப் 'பெட்டி' என்று பொருள்படும் பெயரே வழங்கிற்று. தடித்த சுவருடைய அக்கூடு, உள்ளிருப்பதை வேகவைக்கும் பாத்திரமாகவும் பயன்பட்டது.

இதினின்று ஓர் உண்மை புலனாகிறது. மாவுக் கூட்டின் முதல் வேலை தாங்குவது. இன்று நம்மிடம் தகரத் தட்டும் கண்ணாடித் தட்டும் உள்ளன; தாங்குவதற்கு மாவு தேவையில்லை. கூட்டிற்கு இரண்டாவது வேலையொன்றும் உண்டு. உள்ளிருக்கும் காய் விடும் நீரை அது உறிஞ்சிக்கொள்கிறது. மாவை நீக்கினால் அந்த நீருக்கு வேறு வழி காணவேண்டும். மாவில்லாப் பையின் இரகசியம் முழுவதும் இந்த ஒன்றிலேயே அடங்கியுள்ளது.

நாங்கள் முதன்முறை செய்தபோது இதை அறிந்தோமில்லை. சுரைக்காயைத் துருவி, முட்டையோடு கலந்து, அப்படியே அடுப்பில் வைத்தோம். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தது கூழ். மேலே சிவந்திருந்தது, கத்தியை வைத்தால் கீழே குளம். சுரைக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே என்பதை மறந்ததன் பலன் அது.

இனி, செய்முறையைக் காண்போம். ஆறு பேருக்கு வேண்டியவை இவை: இளஞ்சுரைக்காய் அரைக் கிலோ, பனீர் 250 கிராம், முட்டை ஐந்து, தக்காளி இரண்டு, குடைமிளகாய் ஒன்று, சிறிய வெங்காயம் ஒன்று, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 120 கிராம், எள் இரண்டு மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் இரண்டு, ஒரு துண்டு இஞ்சி, மிளகு, சீரகம், ஒரு பிடி புதினா, சிறிதளவு எண்ணெய், உப்பு.

சுரைக்காயை வாங்கும் இடம் மாறினால் பெயரும் மாறும். தில்லியில் அது லௌகி அல்லது கீயா, கொல்கத்தாவில் லாவு, மும்பையில் தூதி. பீர்க்கங்காயையும் இவ்வாறே பயன்படுத்தலாம். அது தில்லியில் தோரி, கொல்கத்தாவில் ஜிங்கே, மும்பையில் தோட்கா. எக்காயாயினும், நறுக்கியவுடன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்க்கவேண்டும். சுரைக்காய் கசந்தால் தயங்காமல் எறிந்துவிடுக. அக்கசப்புக்குக் காரணமான பொருள் நஞ்சாகும். வேகவைத்தாலும் அது அழிவதில்லை.

முதல் வேலை நீரை அகற்றுவது. சுரைக்காயைத் தோல் சீவி, விதைப் பகுதியை நீக்கித் துருவுக. ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசறி அரை மணி நேரம் வைத்திருந்தால், உப்பு காயினின்று நீரை வெளியே இழுத்துவிடும். பின்னர் தூய பருத்தித் துணியில் கட்டி, இரு கைகளாலும் முறுக்கிப் பிழிக. துருவல் ஏறக்குறையப் பாதி எடையாகக் குறையும் வரை பிழிவது நலம். பிழிந்த நீரை வீணாக்க வேண்டா. உப்பைக் குறைத்துக்கொண்டு அன்றைய ரசத்தில் சேர்த்துவிடலாம். துருவலிலும் உப்பு எஞ்சியிருக்குமாதலால், பின்னர் உப்புச் சேர்க்கும்போது கை அடங்கியே இருக்கட்டும்.

இரண்டாவது, அடித்தளம். நிலக்கடலையைக் கரகரப்பாகப் பொடி செய்க. விட்டு விட்டு அரைக்கவேண்டும். தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் பிரிந்து களிம்பாகிவிடும். பொடியோடு எள்ளையும் ஒரு முட்டையையும் கலந்து, எண்ணெய் தடவிய ஒன்பது அங்குல வட்டத் தட்டில் விரல்களால் அழுத்திப் பரப்புக. முன்னதாகவே 180 பாகை செல்சியசுக்குச் சூடேற்றிய மின்னடுப்பில் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் தளம் இறுகிவிடும். ஈரக் கலவையை ஊற்றுமுன் இவ்வாறு தனியே சுடாவிட்டால் அது ஊறிப் பிரிந்துபோகும்.

மூன்றாவது, உள்ளீடு. நறுக்கிய வெங்காயத்தையும் குடைமிளகாயையும் சிறிது எண்ணெயில் ஈரம் வற்றும் வரை வதக்கி ஆறவைக்க. எஞ்சிய நான்கு முட்டைகளை அடித்து, உதிர்த்த பனீர், பிழிந்த துருவல், வதக்கிய காய், நறுக்கிய மிளகாய், இஞ்சி, புதினா, பொடித்த மிளகு, சீரகம் ஆகியவற்றைக் கலந்து தளத்தின்மேல் பரப்புக. தக்காளியை விதை நீக்கி வில்லைகளாக்கி மேலே அடுக்கி, அதே சூட்டில் 35 முதல் 40 நிமிடம் வரை சுடுக. தட்டை அசைத்தால் ஓரம் அசையாமலும் நடுப்பகுதி சற்றே துளங்கியும் இருப்பது தக்க பதம்.

இங்கு ஒன்றை விளக்கவேண்டும். புளிப்பினால் திரித்தெடுத்த பனீர் சூட்டில் உருகுவதில்லை. எனவே அது தானாகக் கலவையைப் பிணைக்காது. பிணைப்பது முட்டையின் புரதமே. அது வெப்பத்தில் வலைபோல் பின்னிக்கொண்டு, காயையும் ஈரத்தையும் தன்னுள் பிடித்துவைக்கிறது. அளவுக்கு மீறிச் சுட்டால் அவ்வலை சுருங்கி, பிடித்த நீரையே கக்கிவிடும். அடுப்பினின்று எடுத்தவுடன் வெட்டாமல் இருபது நிமிடம் பொறுத்திருக்க வேண்டியதும் இதனால்தான். ஆறும்போது வலை மேலும் உறுதிப்படுகிறது.

மின்னடுப்பு இல்லாதோர் மனந்தளர வேண்டியதில்லை. கனத்த அடியுள்ள வாணலியில் ஓர் அங்குலம் மணலோ உப்போ பரப்பி, நடுவே முக்காலி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றுக. முக்காலிமேல் தட்டை வைத்து, நன்கு பொருந்தும் மூடியிட்டு, சிறு தீயில் ஐம்பது நிமிடம் சுடலாம். மேற்புறம் சிவக்காது; சுவையில் குறைவில்லை.

முட்டை உண்ணாத இல்லங்கள் நம்மவரிடையே பல. அவர்கள் தளத்திற்கு, ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம். தில்லிக் கடைகளில் அதை அல்சி என்பர். உள்ளீட்டிற்கு 40 கிராம் கடலை மாவும் 100 கிராம் கெட்டித் தயிரும் போதும். பத்து நிமிடம் கூடுதலாகச் சுடவேண்டும். கடலை மாவினால் மாவுச்சத்து துண்டொன்றுக்கு நான்கு கிராம் அளவுக்குக் கூடும். ஆயினும் அது பெரிதன்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நாங்கள் கூறிய அளவில் செய்து ஆறு துண்டாக்கினால், ஒரு துண்டில் உள்ள மாவுச்சத்து ஏறத்தாழ 10 முதல் 12 கிராம். மைதாக் கூடு செய்திருந்தால், 200 கிராம் மாவுக்கு ஒவ்வொரு துண்டிலும் கூட்டின் பங்காக மட்டும் 25 கிராம் சேர்ந்திருக்கும். ஒரு கோப்பைச் சோற்றில் உள்ளது சுமார் 45 கிராம். புரதமும் கொழுப்பும் மிகுந்த இத்துண்டு விரைவில் பசியெடுக்க விடுவதில்லை.

ஆயினும் சில எச்சரிக்கைகள் தேவை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரும், சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளை உண்போரும், மருத்துவரைக் கேளாமல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்துவிடலாகாது; இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். சிறுநீரகக் கோளாறு உடையோர் தமக்கு எவ்வளவு புரதம் தகும் என்பதையும் கேட்டறிய வேண்டும். நிலக்கடலை ஒவ்வாதவர்க்கு எள்ளும் பாதாம் பொடியும் கொண்டு தளம் அமைக்கலாம். பாதாமும் ஒவ்வாதாயின் தளமின்றியே சுடலாம். உண்பதற்கு முன்னும், உண்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையை அளந்து பார்த்தால், இப்பண்டம் ஒருவருக்கு ஏற்குமா என்பதை அவரவர் உடலே கூறிவிடும்.

தில்லி வைகாசியில் நண்பகலில் அடுப்பு மூட்டுவது தண்டனையாகும். விடியற்காலையில் சுட்டு வைத்து, ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுக. அக்கோடையில் வெளியே ஒரு மணி நேரத்திற்கு மேல் வைத்திருப்பது தகாது. மறுநாள் வரை கெடாது. அலுவலகத்திற்கு எடுத்துச் செல்வதாயின் குளிர்ச்சி காக்கும் பையில் வைத்துச் செல்லவேண்டும்.

எங்கள் வீட்டில் இது மூன்றாம் முறைதான் சரியாக அமைந்தது. அன்றிரவு தட்டை நடுவில் வைத்து, எல்லோருக்கும் ஒரே கத்தியால் வெட்டிப் பரிமாறினோம். தந்தையார் தம் துண்டைத் திருப்பிப் பார்த்து, "இது எனக்கென்று செய்ததா?" என்று கேட்டார். "இல்லை, அப்பா, இன்று எல்லோருக்கும் இதுதான்" என்றோம். அவர் மெல்ல உண்டார். மிளகு சற்றுக் குறைவு என்றார். அடுத்த வாரம் மிளகை நாங்கள் கூட்டினோம். அவரும் எங்களோடு அமர்ந்து, கடைசியாகவே எழுந்தார்.

சொந்த ஊரின் உணவு ஊருக்கு வெளியே மாறத்தான் செய்யும். சந்தையும் பருவமும் உடல்நிலையும் அதை மாற்றுகின்றன. மாறலாகாதது, வீட்டார் ஒருங்கே அமர்ந்து உண்ணும் வழக்கம் ஒன்றே. அதற்கு இந்த மாவில்லாப் பை சிறிதளவேனும் துணை செய்யுமாயின் மகிழ்வோம்.