ஒசூர்–கிருஷ்ணகிரி சாலையும் குடும்பக் கார்களும்: அம்பாசடர் காலத்து வசதிகளும் இன்றைய வசதிகளும்

குடும்பக் கார் என்பது ஒரு குடும்பம் தன் அன்றாடப் பயணத்துக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் பயன்படுத்தும், நான்கு முதல் ஆறு பேர் அமரக்கூடிய மகிழுந்து ஆகும். இந்தியாவில் 1950களின் இறுதி முதல் 1980களின் தொடக்கம் வரை அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றுமே பெரும்பாலும் குடும்பக் கார்களாக இருந்தன. இவற்றில் இருந்த வசதிகளையும் இன்றைய கார்களில் உள்ள வசதிகளையும் ஒப்பிட்டால், குளிர்சாதனமும் தொடுதிரையும் முதலில் கண்ணில் படும். ஆனால் பெரிய வேறுபாடு, விபத்து நேரும்போது பயணிகளைக் காக்கும் கருவிகளில்தான் உள்ளது.

பின்னணி

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் உள்ள ஒசூர், சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்த நகரம். 1980 வாக்கில் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் டி.வி.எஸ். நிறுவனத்தின் மொபெட் தொழிற்சாலையும் இங்கு உற்பத்தியைத் தொடங்கின. அண்மை ஆண்டுகளில் ஒசூரில் ஏத்தர், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பகுதியில் ஓலா ஆகிய மின்ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்தன. லாரியும் இருசக்கர வாகனமும் செய்யும் இப்பகுதிக்குக் குடும்பக் கார்கள் வெளியிலிருந்தே வந்தன. அம்பாசடர் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவிலும், பிரீமியர் பத்மினி என்று பின்னர் பெயர் மாறிய பியட் மும்பையிலும், ஹெரால்டு சென்னையிலும் தயாராயின. பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980களில் கண்ணாடியிழை உடல் கொண்ட டால்பின் என்ற சிறு காரைச் செய்தது. அது பெரிய அளவில் பரவவில்லை.

பழைய கார்களில் இருந்தவை

இன்று அடிப்படை என்று கருதப்படும் பல வசதிகள் அக்கார்களில் இல்லை. கண்ணாடிகளைக் கையால் சுழற்றி இறக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் பவர் அமைப்பு கிடையாது. ரேடியோவைப் பலர் பின்னர் தனியே வாங்கிப் பொருத்தினர். குளிர்சாதனம் வேண்டுமென்றாலும் வெளியில்தான் பொருத்த வேண்டும். காற்றுக்கு, முன்கதவின் முனையில் இருந்த முக்கோண வடிவச் சிறு கண்ணாடியைத் திருப்பி வைப்பார்கள். குளிர்காலக் காலையில் என்ஜினைக் கிளப்ப சோக் குமிழை இழுக்க வேண்டும். பேட்டரி இறங்கிவிட்டால் முன்புறம் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுழற்றிக் கிளப்பும் வழியும் பழைய கார்களில் இருந்தது.

அதே வேளையில், அக்கார்களில் இருந்து இன்று மறைந்துவிட்ட வசதிகளும் உண்டு. அம்பாசடரிலும் பியட்டிலும் கியர் கம்பி ஸ்டியரிங் தண்டில் இருந்ததால் முன்னிருக்கை ஒரே நீள இருக்கையாக அமைந்தது. அதில் மூவர் அமரலாம். மற்ற நான்கு சக்கரங்களைப் போலவே முழு அளவிலான ஸ்டெப்னி சக்கரம் டிக்கியில் இருந்தது. கார்புரேட்டரும் பிளாட்டினம் பாயிண்டும் கொண்ட எளிய என்ஜினைச் சிற்றூர் மெக்கானிக்கே சாலையோரத்தில் சரிசெய்ய முடிந்தது. இன்று எரிபொருள், தீப்பொறி இரண்டையும் கணினி கட்டுப்படுத்துவதால் பல பழுதுகளைக் கண்டறியவே தனிக் கருவி தேவைப்படுகிறது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி, பஞ்சர் ஒட்டும் பெட்டி ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று 2020இல் விதி திருத்தப்பட்டது.

சுருங்கச் சொன்னால், பழைய கார் வழியில் நின்றுவிட்டால் மீண்டும் ஓட வைப்பதற்கான ஏற்பாடுகளைக் கொண்டிருந்தது. மோதிவிட்டால் உள்ளே இருப்பவர்களைக் காக்க அதில் ஏறத்தாழ எதுவுமே இல்லை.

மாருதி 800 கொண்டுவந்த மாற்றம்

1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 796 சி.சி. என்ஜின், முன்சக்கர இயக்கம், தரையில் கியர், தனித்தனி முன்னிருக்கைகள் ஆகியவற்றைக் கொண்டிருந்தது. எடை குறைவு, எரிபொருள் செலவு குறைவு, ஓட்டுவதும் எளிது. இதன்பின் வசதி என்ற சொல்லின் பொருளே மாறியது. ஆயினும் இம்மாற்றம் ஓட்டும் சுகத்தைச் சார்ந்ததாகவே இருந்தது. காற்றுப்பைகள் கட்டாயமாக மேலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

மலைச் சாலையில் தெரியும் வேறுபாடு

ஒசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரி அதைவிடத் தாழ்வான இடம். எனவே கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஒசூர் செல்லும் சாலை மொத்தத்தில் ஏறுமுகமானது. முழு பாரத்துடன் ஏறும் பழைய காரில் ரேடியேட்டர் நீர் கொதிப்பது வழக்கம். அதனால் தண்ணீர் கேன் இல்லாமல் யாரும் புறப்படுவதில்லை.

இறங்கும்போது சிக்கல் பிரேக்கில் வரும். அம்பாசடர் போன்ற கார்களில் இருந்தவை டிரம் பிரேக்குகள். மூடிய டிரம்முக்குள் பிரேக் கட்டைகள் உரசுவதால் உண்டாகும் வெப்பம் எளிதில் வெளியேறாது. தொடர்ந்து மிதித்தால் பிடிமானம் குறையும். இன்றைய கார்களின் முன்சக்கரங்களில் உள்ள டிஸ்க் பிரேக், காற்றுபடத் திறந்திருப்பதால் விரைவில் ஆறுகிறது. ஏ.பி.எஸ். என்னும் பூட்டுத் தடுப்பு அமைப்பு, அவசரமாக மிதித்தாலும் சக்கரங்கள் சுழலாமல் சறுக்குவதைத் தடுக்கிறது. அதனால் பிரேக் பிடித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பி விலக முடிகிறது. கன்டெய்னர் லாரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் ஒன்றாக ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44இல் இது சிறு வசதி அன்று.

"பழைய இரும்பு உறுதியானது" என்ற நம்பிக்கை

தடிமனான தகடு கொண்ட பழைய காரே பாதுகாப்பானது என்ற கருத்து இன்றும் பரவலாக உள்ளது. இதைச் சோதித்த ஒரு நிகழ்வு உண்டு. 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம், 1959ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டின் செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பெரிய பழைய காரில் ஓட்டுநர் அமரும் அறையே நொறுங்கியது. புதிய காரில் அந்த அறை பெருமளவு சிதையாமல் நின்றது.

காரணம் எளிது. புதிய காரின் முன்பகுதி, மோதும்போது மடங்கி விசையை உள்வாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. பயணிகள் அறை மட்டும் மடங்காமல் உறுதியாக இருக்கும். பழைய காரில் இந்தப் பிரிவினை இல்லை. விசை நேராக உள்ளே வந்தது. ஸ்டியரிங் தண்டும் ஓட்டுநரின் மார்பை நோக்கித் தள்ளப்படும் வாய்ப்பு இருந்தது.

புதிதாக இருப்பதனால் மட்டும் ஒரு கார் பாதுகாப்பானதாகிவிடாது என்பதும் உண்மை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, காற்றுப்பை இல்லாத ஐந்து இந்தியச் சிறு கார்களைச் சோதித்தபோது அனைத்தும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரமே பெற்றன. அம்பாசடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் நின்றது அதே ஆண்டில்தான்.

சட்டம் கட்டாயமாக்கியவை

மூன்று முனை சீட் பெல்ட்டை வோல்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இலேயே உருவாக்கிவிட்டார். இந்தியக் கார்களில் பாதுகாப்புக் கருவிகள் பின்வரும் வரிசையில் கட்டாயமாயின.

1994 – முன்னிருக்கைகளுக்கு சீட் பெல்ட்.

2002 – பின்னிருக்கைகளுக்கும் சீட் பெல்ட்.

2019 ஏப்ரல் – அனைத்துப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ்.

2019 ஜூலை – ஓட்டுநர் காற்றுப்பை, முன்னிருக்கை பெல்ட் நினைவூட்டி, பின்புற உணரி, வேக எச்சரிக்கை. மணிக்கு 80 கி.மீ. தாண்டும்போது கேட்கும் ஒலி இவ்விதியால் வந்ததே.

2022 தொடக்கம் – முன்பயணிக்கும் காற்றுப்பை.

2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற இந்திய நட்சத்திர மதிப்பீடும் நடைமுறையில் உள்ளது. ஆனால் இது கட்டாயமன்று.

பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

எல்லைப் பகுதியில் கர்நாடகப் பதிவெண் கொண்ட பழைய கார்கள் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தமிழ்நாட்டில் நிலையாக வைத்திருக்க, அம்மாநில அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும் இங்கு சாலை வரியும் மறுபதிவும் தேவை. வாங்குவோர் பெரும்பாலும் விலை, மைலேஜ், ஏ.சி. ஆகியவற்றையே கேட்கின்றனர். உற்பத்தி ஆண்டையும் மாடல் நிலையையும் கேட்பது அதைவிட முக்கியம். 2019 நடுப்பகுதிக்கு முந்தைய பல சிறு கார்களின் அடிப்படை மாடலில் காற்றுப்பையும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. அதே காரின் உயர் மாடலில் இவை இருந்திருக்கலாம்.

காற்றுப்பை, சீட் பெல்ட்டுக்குத் துணையாக இயங்குவதே தவிர அதற்கு மாற்றன்று. பின்னிருக்கையில் அமர்வோரும் பெல்ட் அணிய வேண்டும் என்பதே சட்டம். மீறினால் அபராதம் 1,000 ரூபாய். பின்னிருக்கையில் பெல்ட் அணியாதவர் மோதலின்போது முன்னே தூக்கி எறியப்பட்டு, பெல்ட் அணிந்து முன்னே இருப்பவரையும் காயப்படுத்தக்கூடும். அம்பாசடரில் அந்தப் பெல்ட் இல்லாததால் அணியவில்லை. இன்றைய காரில் இருந்தும் அணியாவிட்டால், பின்னிருக்கையைப் பொறுத்தவரை அந்தக் குடும்பம் அம்பாசடர் காலத்திலேயே பயணம் செய்கிறது.