ஐந்து ஆற்றுப் பாலங்களும் ஒரு சைக்கிள் ஆசனமும்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் சாலை பத்துக் கிலோ மீட்டருக்குச் சற்று மேற்பட்டது. அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து ஆறுகளை அது தாண்டிவிடுகிறது. மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட இந்நாளிலும், விடியற்காலையில் அந்தச் சாலையோரம் நின்றால் பால் கேன்களும் வாழை இலைக் கட்டுகளும் சைக்கிள் மீதேறி நகரத்தை நோக்கி வருவதைக் காணலாம்.

நமது வீட்டுக்குப் பால் ஊற்றும் பெரியவரும் அவ்வழியே வருகிறவர்தான். பாலை அளந்து ஊற்றிவிட்டுத் திண்ணையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஊர்க் கதை பேசிவிட்டுப் போவது அவர் வழக்கம். சில மாதங்களுக்கு முன் அவர் திண்ணையில் உட்காருவதை நிறுத்திவிட்டார். "ஏன் பெரியவரே, நின்றுகொண்டே இருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். உள்ளே பெண்கள் யாரும் காது கொடுக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு மெல்லச் சொன்னார்: "சொல்லக் கூச்சமா இருக்கு, வாத்தியாரையா. வண்டியை விட்டு எறங்கினா அந்த எடமெல்லாம் மரத்துக் கெடக்கு. ஏதோ பெரிய வியாதின்னு பயமா இருக்கு. வீட்டுலகூடச் சொல்லலை."

அவருடைய சைக்கிளைப் பார்த்தோம். பழைய தோல் ஆசனம் கிழிந்துபோனதால் புதிதாக ஒன்று மாட்டியிருந்தார். பஞ்சு மெத்தை போல் மிருதுவானது, ஆனால் குறுகலானது. அதன் மூக்கோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வியாதி அவர் உடம்பில் இல்லை. அந்த மூக்கில்தான் இருந்தது.

இந்த விஷயத்தைப் பற்றி ஆண்கள் வெளியில் பேசுவதில்லை. ஆகவேதான் குடும்பப் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

நாம் திண்ணையில் உட்காரும்போது உடம்பின் பாரத்தை இடுப்புக்கு அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள் தாங்குகின்றன. பாரம் தாங்குவதற்கென்றே அமைந்தவை அவை. அவற்றுக்கு நடுவேயுள்ள மிருதுவான பகுதியில் ஆண் உறுப்புக்குச் செல்லும் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. ஆசனம் குறுகலாக இருந்தால் எலும்புகள் இரு பக்கமும் வெளியே நின்றுவிட, பாரம் முழுவதும் நடுப்பகுதியில் இறங்குகிறது. சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறதல்லவா? அதே சங்கதிதான் இங்கும்.

மெத்தென்று இருந்தால் நல்லது என்ற எண்ணமும் தவறு. மெத்தை அமுங்கும்போது எலும்புகள் உள்ளே புதைய, நடுப்பகுதி மேலே பிதுங்கி நிற்கிறது. ஜெர்மனியில் கொலோன் நகர ஆராய்ச்சியாளர்கள் பல வகை ஆசனங்களைச் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்த ஓட்டத்தை மிகுதியாகத் தடுத்தது, கனமான மெத்தை வைத்த குறுகிய ஆசனமே. மெத்தையைவிட அகலமே முக்கியம் என்று அவர்கள் கண்டார்கள்.

அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து செல்லும் போலீஸ்காரர்களுக்கும் இதே தொல்லை ஏற்பட்டது. அந்நாட்டு அரசாங்கத்தின் தொழில் ஆரோக்கிய ஆராய்ச்சி நிலையம் இதை ஆராய்ந்தது. ஐந்து நகரங்களைச் சேர்ந்த 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத ஆசனம் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னார்கள். 2008-ல் வெளியான முடிவு என்ன? முதலில் மரத்துப்போகும் தொல்லை இல்லை என்று சொன்னவர்கள் 27 சதவீதம். ஆறு மாதத்துக்குப் பிறகு 82 சதவீதம். மாறியது ஆசனம் ஒன்றுதான்!

இதைப் படித்துவிட்டு யாரும் சைக்கிளைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். 2018-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில், சைக்கிள் ஓட்டும் ஆண்கள் 2,774 பேரை, நீந்துகிறவர்களோடும் ஓடுகிறவர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இல்லற வாழ்க்கைக்குரிய ஆண்மையில் சைக்கிள்காரர்கள் எவ்விதத்திலும் குறைந்தவர்களாக இல்லை. மரத்துப்போகும் தொல்லை மட்டும், ஹாண்டில் பார் ஆசனத்தைவிடத் தாழ்ந்து இருந்தவர்களுக்கு அதிகமாக இருந்தது. அவ்வப்போது பெடல் மேல் எழுந்து நின்று ஓட்டியவர்களுக்கு அது குறைவாக இருந்தது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? சட்டைக்குத் தையற்காரர் அளவெடுக்கிறார். செருப்பைக் காலில் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். சைக்கிளுக்கு மட்டும் அளவு பார்ப்பதில்லை. இதன் மூலகாரணம் குரங்குப் பெடல்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்கு அடியே காலை விட்டுக் கோணிக்கொண்டு ஓட்டக் கற்றவர்கள் நாம். வண்டிக்கு ஏற்ப உடம்பை வளைப்பது என்ற பழக்கம் ஐந்து வயதில் வந்து அறுபது வயதிலும் போகவில்லை.

சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் உடம்புக்கேற்பச் சைக்கிளைப் பொருத்தித் தருவதையே தொழிலாகக் கொண்ட நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதில் முக்கியமான பகுதியை நம்மூர்ச் சைக்கிள் கடையில், ஒரு ஸ்பானரைக் கொண்டே செய்துவிடலாம்.

முதலில் உயரம். சுவரைப் பிடித்தபடி ஆசனத்தில் அமர்ந்து, கீழே இறங்கியிருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் பெடலை மிதித்தால் முழங்கால் சற்றே வளையும். அதுவே சரியான உயரம். ஆசனம் அதிக உயரமாயிருந்தால் இடுப்பு இரு பக்கமும் ஆடி உராயும். அதிகம் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும்.

இரண்டாவது சாய்வு. மூக்கு மேல் நோக்கவே கூடாது. ஆசனம் தரைக்குச் சமமாக, அல்லது மயிரிழை முன்பக்கம் தாழ்ந்து இருக்கலாம். அதிகம் தாழ்த்தினால் முன்னே சறுக்கிக் கையில் பாரம் விழும்.

மூன்றாவது முன்பின். இரண்டு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்கையில், முன்காலின் முழங்கால் சிப்பியிலிருந்து கொத்தனாரின் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால், அது பெடலின் அச்சுக்கு நேரே இறங்க வேண்டும். அதற்கேற்ப ஆசனத்தை நகர்த்துங்கள்.

நான்காவது அகலம். அலை அலையாக மடிப்பு வைத்த அட்டைப் பெட்டியின் துண்டு ஒன்றைப் பெஞ்சியின் மேல் போட்டு, அதன்மேல் அழுந்த உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். காவேரிக் கரையின் ஈர மணலும் இதற்குப் போதும். பள்ளங்களின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிட ஆசனத்தின் பின்பகுதி இரண்டு மூன்று சென்டிமீட்டராவது அகலமாயிருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அகலம் நல்லது. ஹாண்டில் பாரை ஆசனத்துக்குச் சற்று உயரமாகவே வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மரத்துப்போவது நீங்காவிட்டால், அல்லது சிறுநீர் தடைப்பட்டாலோ அதில் ரத்தம் கண்டாலோ, உடனே வைத்தியரிடம் போக வேண்டும். நீரிழிவு முதலிய வேறு காரணங்களும் உண்டு. வைத்தியரிடம் வெட்கப்படுவது நோய்க்கு வட்டி கொடுத்து வளர்ப்பதாகும்.

ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த சைக்கிள்களையே நம்பியிருந்தோம். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரிலேயே சைக்கிள் செய்யலானோம். மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசாங்கம் விலையின்றிச் சைக்கிள் கொடுத்துவருவது பெரிய காரியம். ஆனால், வண்டி பள்ளிக்கூடத்துக்கு வந்திறங்கும் நாளில் குட்டைப் பையனும் நெட்டைப் பையனும் ஒரே உயரத்து ஆசனத்தில் ஏறிப் போய்விடுகிறார்கள். அன்று ஒரு ஸ்பானரும் ஓர் ஆசிரியரும் அரைநாள் இருந்தால் போதும். பிள்ளைகள் பல ஆண்டுகள் சுகமாக ஓட்டுவார்கள். நம் பள்ளியில் இவ்வாண்டு இதைச் செய்யப்போகிறோம். மற்ற உபாத்தியாயர்களும் செய்யலாம்.

பால்காரப் பெரியவரின் ஆசனத்து மூக்கை அன்றே கீழிறக்கினோம். பிறகு அவர் ஸ்பிரிங் வைத்த அகலமான தோல் ஆசனம் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டிக்கொண்டார். பாலத்து ஏற்றம் வரும்போதெல்லாம் ஆசனத்தை விட்டு எழுந்து நின்று மிதிக்கும்படியும் சொல்லியிருந்தோம்.

ஒரு மாதம் கழித்து வழக்கம்போல் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கிறது, பெரியவரே?"

"அஞ்சு ஆத்துக்கும் எந்திரிச்சு நின்னு கும்பிட்டுட்டு வர்றேன், வாத்தியாரையா. ஒரு தொல்லையும் இல்லை" என்றார்.