திருப்பூரில் ஒரு நாள்

பெரிய நகரங்களைச் சுற்றிப் பார்ப்பதற்கு இந்தக் காலத்தில் மிகவும் ஸௌகரியமான ஏற்பாடுகள் உண்டு. காலையில் ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும். கோட்டை, மியூஸியம், கோயில், கடற்கரை எல்லாவற்றையும் காட்டி, விளக்கு வைக்கும் நேரத்தில் ஏறிய இடத்திலேயே கொண்டு வந்து இறக்கி விடுவார்கள். கூடவே வரும் வழிகாட்டி, எந்த ராஜா எந்த வருஷத்தில் எதைக் கட்டினான் என்பதை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். "இங்கே இருபது நிமிஷம், இருபத்தோராவது நிமிஷம் வண்டி புறப்பட்டு விடும்" என்று பயமுறுத்துவார். பிரயாணிகளில் பாதிப் பேர் ராஜாவை மறந்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக் கொண்டிருப்பார்கள்.

திருப்பூருக்கு இம்மாதிரி யாத்திரை வருகிறவர்கள் அபூர்வம். இவ்வூருக்குச் சரக்கு வாங்க வருவார்கள். வேலை தேடி வருவார்கள். வேடிக்கை பார்க்க யாரும் வருவதாகத் தெரியவில்லை. ஆயினும், ஒரு நாள் முழுவதும் ஒதுக்கிப் பார்க்கத் தகுந்த ஊர் இது என்று துணிந்து கூறுவேன். தாஜ்மஹாலுக்கும் நமக்கும் உள்ள உறவு பார்ப்பதோடு முடிந்து விடுகிறது. திருப்பூரோ நம் உடம்பை ஒட்டிக் கொண்டல்லவா இருக்கிறது? இதைப் படிக்கும் நேயர்களில் எத்தனை பேர் இந்த நிமிஷத்தில் திருப்பூர் பனியன் அணிந்திருக்கிறார்களோ, யார் கண்டார்கள்?

எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர், நாற்பது வருஷம் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராயிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். என்னைத் "தம்பி" என்றும், என் மனைவியை "அம்மிணி" என்றும் கொங்கு நாட்டு வழக்கப்படி அழைத்தார். வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக் கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம்.

கொடி காத்த இடம்

ரயில்வே ஸ்டேஷனுக்கு அருகிலேயே குமரன் நினைவகம் இருக்கிறது. யாத்திரையை இங்கேதான் ஆரம்பிக்க வேண்டுமென்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லி விட்டார்.

1932-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி காந்தி மகாத்மா கைது செய்யப்பட்டார். தேசமெங்கும் சட்டமறுப்பு மீண்டும் மூண்டது. திருப்பூரில் ஜனவரி 10-ந் தேதியன்று, பி. எஸ். சுந்தரத்தின் தலைமையில், மூவர்ணக் கொடியை ஏந்திக் கொண்டு தொண்டர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் குமரனின் தலையில் பலத்த காயம் பட்டது. கீழே விழுந்தும் கொடியை அவர் கை விடவில்லை. மறுநாள், ஜனவரி 11-ந் தேதி, உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழுதான். கதர் இயக்கத்தின் பெரிய கேந்திரமாக அன்று திருப்பூர் விளங்கியது. அகில பாரதச் சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இந்த ஊரில்தான் நடைபெற்றது.

"குமரன் பிறந்தது சென்னிமலைங்க. நெசவு ஊரு. அந்தப் பக்கம் சாயங்காலம் போகலாம்" என்றார் பெரியவர். பிறகு ஏனோ, "போகத்தான் வேணுமான்னு பார்க்கலாம்" என்று சேர்த்துக் கொண்டார். அதன் காரணம் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

வழிப்பறியும் முதலையும்

வெயில் ஏறுவதற்கு முன் தரிசனத்தை முடித்துக் கொள்வது உத்தமம் என்று அவிநாசிச் சாலையில் சென்றோம். முதலில் வருவது திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாளிடம் பரிசு பெற்றுத் திரும்பிய சுந்தரரைச் சிவபெருமானின் பூதகணங்கள் வேடர் உருவில் வந்து கொள்ளையடித்த ஸ்தலம் இது என்பது ஐதிகம். பாட்டுக் கேட்பதற்காக வழிப்பறி செய்த தெய்வம் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. இன்று இவ்வூரில் வழிப்பறி இல்லை. உளிச் சத்தந்தான் கேட்கிறது. சாலையோரத்துச் சிற்பக் கூடங்களில் பிள்ளையார்களும் நந்திகளும் பாதி பிறந்த நிலையில் நிற்கிறார்கள்.

அடுத்தது அவிநாசி. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டாராம். பிள்ளை திரும்பி வந்ததோடல்லாமல், இடையில் கழிந்த வருஷங்களின் வளர்ச்சியோடும் வந்தான் என்று புராணம் கூறுகிறது. "போனது திரும்பி வர்ற ஊருங்க இது" என்று சொல்லிப் பெரியவர் கன்னத்தில் போட்டுக் கொண்டார்.

கிலோவில் நிறுக்கும் துணி

பத்து மணிக்கெல்லாம் ஊருக்குள் திரும்பி, பெரியவருக்குத் தெரிந்த ஒரு பனியன் கம்பெனிக்குள் நுழைந்தோம். திருப்பூரில் முதல் பின்னலாடைத் தொழிற்கூடம் 1925-ஆம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். காந்தியடிகள் சர்க்கா சங்கத்தை ஸ்தாபித்ததும் அதே 1925-ல்தான். ராட்டினமும் பின்னல் யந்திரமும் ஓரே வயதுடையவை என்பது விசித்திரமல்லவா? நெடுங்காலம் உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் தயாரித்து வந்த இவ்வூருக்கு, 1970-களின் இறுதியில் இத்தாலிய வியாபாரிகள் வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகு வர்ணத் துணிகளும், ஏற்றுமதியும், 'டாலர் நகரம்' என்ற பட்டமும் வந்தன.

பின்னல் யந்திரம் பார்க்க வேண்டிய காட்சி. தறியில் பாவு உண்டு, ஊடை உண்டு. இங்கே இரண்டும் கிடையாது. வட்டமாக நிற்கும் நூற்றுக்கணக்கான ஊசிகள் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துக் கொண்டே சுழல, அடியில் குழாய் போலத் துணி இறங்குகிறது. கண்ணிகளால் ஆனபடியால்தான் பனியன் இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. பழைய மாதிரிப் பனியனுக்குப் பக்கத் தையல் இல்லாததற்கும் இந்தக் குழாய்தான் காரணம். இந்தத் துணியை யாரும் கெஜக் கோலால் அளப்பதில்லை. தராசில் வைத்துக் கிலோக் கணக்கில் நிறுக்கிறார்கள். என் மனைவிக்கு இது கத்தரிக்காய் வியாபாரம் போலத் தோன்றியது.

ஆனால் நேயர்கள் அறிய வேண்டிய பெரிய விஷயம் வேறு. ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உற்பத்தியாவது குறைவு. நூல் ஓரிடம், பின்னல் ஓரிடம், சாயம் ஓரிடம், அச்சு ஓரிடம், தையல் ஓரிடம் என்று அது ஊரெல்லாம் சுற்றி வருகிறது. வீதியில் துணிமூட்டை ஏற்றிக் கொண்டு ஓடும் சிறு வண்டிகள்தான் இவ்வூரின் தொழிற்சாலை வராந்தா!

தையல் கூடத்தில் ஓவர்லாக் யந்திரமும் பிளாட்லாக் யந்திரமும் மழை பெய்வது போல் இரைந்து கொண்டிருந்தன. தைப்பவருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து வைக்கும் உதவியாளருக்குக் 'கைமடி' என்று பெயர். நம் அகராதிகளில் இந்த அழகிய சொல் ஏறியிருக்கிறதோ என்னவோ! பெரியவரும் கைமடியாகத் தொடங்கித்தான் கட்டிங் மாஸ்டரானாராம். இப்போது கைமடியாக நிற்கிறவர்களில் ஒருவர் ஒரிஸாக்காரர், இன்னொருவர் பீஹார்க்காரர். தேனி, மதுரை, திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறியவர்கள் இப்போது பழைய ஊர்க்காரர்களாகி விட்டார்கள். அன்று சனிக்கிழமையானபடியால் வாரச் சம்பளம் பட்டுவாடா ஆகும் நாள். எல்லா முகங்களிலும் அந்தக் களை தெரிந்தது.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கா நம் சரக்குகளின் மீது ஐம்பது சதவிகிதம் சுங்கவரி விதித்தபோது இவ்வூர் எப்படிக் கலங்கிற்று என்பதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தால் திருப்பூரில் ஒரு கைமடியின் வாரச் சம்பளம் ஆட்டம் காணுகிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் காதர்பேட்டைக்குப் போனோம். ஏற்றுமதியில் மிஞ்சியவை, சிறு குறையால் தள்ளப்பட்டவை, உள்நாட்டுக்கென்றே தைத்தவை எல்லாம் இங்கே மலைபோல் குவிந்து கிடக்கின்றன. வெளியூர் வியாபாரிகள் மூட்டை கட்டிக் கொண்டு போகிறார்கள். எங்கள் குடும்பமும் ஒரு சிறு மூட்டை கட்டிற்று. அதன் விவரத்தை நான் இங்கே வெளியிடப் போவதில்லை.

வழிகாட்டி காட்ட விரும்பாத இடம்

சாதாரணமாக இத்துடன் யாத்திரை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் சென்னிமலைப் பக்கம் போக வேண்டுமென்று பிடிவாதமாயிருந்தோம். "அங்கே பார்க்க என்னங்க இருக்குது? ஒரு அணை இருக்குது, அவ்வளவுதான்" என்றார் பெரியவர். சற்று நேரம் யோசித்து விட்டு, "சரிங்க தம்பி, அதையும் பார்த்தாத்தான் திருப்பூரைப் பார்த்த மாதிரி" என்று காரில் ஏறினார்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் ஜில்லாவில் காவிரியோடு கலக்கும் நதி நொய்யல். துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். சாயம் நூலைப் பற்றிக் கொள்ளும்படி செய்வதோடு உப்பின் வேலை முடிந்து விடுகிறது. அது துணியில் தங்குவதில்லை, கழிவு நீரோடு போய் விடுகிறது. நிறத்தையாவது சாதாரணச் சுத்திகரிப்பால் குறைக்கலாம். கரைந்த உப்பு அதற்கெல்லாம் மசியாது. ஏற்றுமதி வளர வளர, இந்த உப்பு நீர் நொய்யலில் கலந்தது.

ஒரத்துப்பாளையம் அணை 1992-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. விளைநிலத்துக்குப் பாசனம் அளிப்பது அதன் நோக்கம். நடந்தது என்னவென்றால், சாயக் கழிவு வந்து தேங்கும் குட்டையாக அது மாறிற்று. 'தண்ணீர் திறந்து விடுங்கள்' என்று கேட்பது உலகெங்கும் உழவர்களின் வழக்கம். 'தயவு செய்து திறந்து விடாதீர்கள்' என்று கேட்கும்படியான நிலை இங்கேதான் ஏற்பட்டது.

அணையின் மேல் நின்று பெரியவர் சொன்னார்: "என் தங்கச்சியைக் கீழே ஒரு ஊர்லதானுங்க கட்டிக் கொடுத்தது. மாப்பிள்ளைக்கு நாலு ஏக்கர், நல்ல கிணறு. அந்தத் தண்ணி உப்பாப் போச்சு. தென்னை கருகிப் போச்சு. நான் பனியனிலே சம்பாதிச்சு வீடு கட்டினேன். அந்த வீட்டுப் புதுமனைக்கு மாப்பிள்ளை வரலை. கூப்பிட்டதுக்கு, 'உங்க ஊருத் தண்ணி எங்க ஊருக்கு வந்துட்டுதுங்க மச்சான், நான் வேற எதுக்கு வரணும்?'னு கேட்டாரு." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் 2003-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். கழிவு நீரை ஒரு சொட்டுக் கூட வெளியே விடக் கூடாது என்று 2006-ல் உத்தரவு பிறந்தது. கெடுக்கள் கடந்தன. 2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், எழுநூற்றுக்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. பெரியவருக்கும் சில மாதங்கள் முழு வேலை இல்லையாம்.

அதன் பிறகு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்தத்துடன் நீரைச் செலுத்தி, உப்பைப் பிரித்து, நல்ல நீரை மறுபடி சாயத்துக்கே உபயோகிக்கிறார்கள். மிஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி உப்பை எடுக்கிறார்கள். இதற்கு மின்சாரமும் விறகும் பணமும் ஏராளமாகச் செலவாகின்றன. செலவுக்கு அஞ்சி இருட்டில் குழாயைத் திறந்து விடுகிறவர்கள் அடியோடு ஒழிந்து விட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் இவ்வளவு பெரிய தொழில் வட்டாரம் கழிவு நீரை வெளியே விடாமல் தொழில் நடத்த முடியும் என்பதை இந்தியாவுக்குக் காட்டிய ஊரும் இதுதான். முதலை பிள்ளையைப் பாதி கக்கியிருக்கிறது என்று வைத்துக் கொள்ளலாம்.

திரும்பும் வழியில் ஊத்துக்குளிச் சாலைக்கு அருகே நஞ்சராயன் குளத்தைக் கண்டோம். பறவைகளின் சரணாலயமாகிய இக்குளம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ராம்ஸார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துக்களும் குளிர் காலத்தில் இங்கே இறங்குவதுண்டு. அந்தி வெளிச்சத்தில் நாரைகள் கூட்டமாக வந்து அமர்ந்தன.

திருப்பூரைப் பார்க்கப் போகும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. குமரனைப் பாருங்கள், யந்திரங்களைப் பாருங்கள், காதர்பேட்டையில் தாராளமாகப் பேரம் பேசுங்கள். ஆனால் பத்து ரூபாய் குறைத்து விட்டோம் என்று மகிழும்போது, அந்தப் பத்து ரூபாய் யாருடைய கூலியிலிருந்து, எந்த ஆற்றிலிருந்து குறைந்தது என்று ஒரு க்ஷணம் எண்ணிப் பாருங்கள். எந்த வழிகாட்டியை அமர்த்தினாலும், "ஆற்றையும் காட்டுங்கள்" என்று கேட்க மறவாதீர்கள்.