சவரக்கத்திக்குக் கல் கொஞ்சம், வார் அதிகம்

மடக்குச் சவரக்கத்தியால் வீட்டிலேயே மழித்துக்கொள்ள நினைப்பவரைப் பயமுறுத்துவது கத்தியின் விலை அல்ல, அதைத் தீட்டுவதற்கான கல்லின் விலை. பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிகூல் கல், ஜப்பானின் 12000 கிரிட் கல் என்று விசாரிக்க ஆரம்பித்தால் பல ஆயிரம் ரூபாய் கணக்கு வந்து நிற்கும். அவை நல்ல கற்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஒருவர் தன் முகத்துக்கு மட்டும் வைத்திருக்கும் கத்திக்கு அவை தேவையில்லை. கல்லுக்கு வருடத்தில் சில நாள்தான் வேலை. அன்றாடம் உழைப்பது, கத்தியை இழுத்துத் தேய்க்கும் தோல்வார். வாரின் வேலையையும் கல்லின் தலையில் கட்டும்போதுதான் கைக்காசு கரைகிறது.

கல்லுக்கு ஏன் அவ்வளவு மவுசு தேவையில்லை என்பதற்குக் கத்தியின் உடம்பே சாட்சி. சமையலறைக் கத்தியைத் தீட்டுவதில் பெரிய சிரமம், சாய்வைக் கையால் பிடித்து நிறுத்துவது. சவரக்கத்தியில் அந்தச் சிரமம் இல்லை. அதன் முதுகு தடிமனாக இருப்பது அழகுக்காக அல்ல. முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும்படி படுக்கவைத்தால் சாய்வு தானாக அமைந்துவிடும். 16 மில்லிமீட்டர் அகலமும் முதுகில் நாலரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கத்தியில் இரு பக்கமும் சேர்ந்த கோணம் ஏறக்குறைய 16 டிகிரி. தேயும்போது முதுகும் வாயும் சேர்ந்தே தேய்வதால் அந்தக் கோணம் பெரிதாக மாறுவதில்லை. தீட்டுகிறவரிடம் கத்தி கேட்பது இரண்டுதான்: தட்டையான தளம், அழுத்தாத கை. இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, கூர் ஏன் போகிறது? மயிரோ மெத்து, எஃகோ கடினம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதற்கு விடை சொன்னார்கள். எஃகைவிடச் சுமார் ஐம்பது மடங்கு மெத்தான மயிர், சாய்வாக வந்து பிளேடின் விளிம்பில் மோதும்போது, எஃகு ஒரே சீராக இல்லாத இடங்களில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடுகிறது. இதைக் காட்டி, ‘பார்த்தீர்களா, வாரால் என்ன ஆகும்? வளைந்த விளிம்பை அது நிமிர்த்தலாம், பெயர்ந்த சில்லை ஒட்டவைக்குமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதனால்தான் கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சில்லுகள் நுண்நோக்கியில்தான் தெரியும் அளவுக்குச் சிறியவை. அவற்றைத் தேய்த்து எடுக்க சொரசொரப்பான 1000 கிரிட் கல்லில் ஆரம்பித்து நுண்ணிய கற்களுக்குப் படிப்படியாக ஏறி வரத் தேவையில்லை. கடைசிப் படி ஒன்றே போதும். போதாக்குறைக்கு, மயிரைவிடக் கூரைத் தின்பது துரு. ஈரத்தோடு மடித்துவைத்த கத்தி ஒரே ராத்திரியில் இழப்பதை மீட்க எந்த வாராலும் முடியாது.

அந்தக் கடைசிப் படிக்கு மலிவான வழி லாப்பிங் ஃபிலிம். கண்ணாடியிழைக் கேபிள் இணைப்புகளை மெருகேற்றுகிறவர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தாள் அது. குறிப்பிட்ட மைக்ரான் அளவுள்ள துகள்கள் அதன்மேல் சீராகப் பூசப்பட்டிருக்கும். 3 மைக்ரானில் ஒன்று, 1 மைக்ரானில் ஒன்று, தாள் கணக்கில் வாங்கினால் போதும். அடியில் வைக்கக் கண்ணாடிக் கடையில் மிஞ்சிய தடித்த துண்டு. உருகிய தகரத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்கிற கண்ணாடியின் தட்டைத்தன்மைக்குச் சாதாரண தீட்டுக்கல் ஈடாகாது. கண்ணாடிமேல் தண்ணீர் தெளித்துத் தாளை ஒட்டிக்கொள்ள வேண்டும். தொடங்கும் முன் கத்தி வாயில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. முதுகும் வாயும் படிய, வாய் முன்னால் போகும்படி, கத்தியின் எடையை மட்டும் விட்டு நகர்த்திவிட்டுப் பார்த்தால் மை எங்கே அழிந்திருக்கிறது, எங்கே மிச்சம் என்று தெரியும். நுனியில் மட்டும் மை நின்றால் அங்கே தளம் படவில்லை. அதற்காக அழுத்தக் கூடாது, கையை நுனிப் பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டால் சரியாகும். கூர் வந்துவிட்டதா என்பதை முன்கை மயிரில் பார்த்துக்கொள்ளலாம். தீட்டிய மரத்தில் பார்க்க வேண்டாம்.

வாருக்கும் கடை தேட வேண்டாம். பூவேலை இல்லாத பழைய தோல் பெல்ட்டை இரண்டு துண்டாக்கி, ஒன்றின் முன்பக்கமும் மற்றதின் பின்பக்கமும் மேலே வரும்படி பலகையில் இழுத்து ஆணியடித்தால் ஆயிற்று. பின்பக்கச் சொரசொரப்பில், உலோகத்துக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு கட்டியைத் தேய்த்துவைக்கலாம். மழமழப்பான முன்பக்கம் எதுவும் படாமல் இருக்கட்டும். பச்சைப் பக்கம் கூர் குறையும்போது மட்டும், பத்து இழுப்புக்கு மேல் வேண்டாம். வெறும் தோல் ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால், நாற்பது ஐம்பது இழுப்பு. இங்கே திசை மாறும்: முதுகு முன்னால், வாய் பின்னால். திருப்பும்போது முதுகின்மேல் உருட்ட வேண்டும். வாயின்மேல் உருட்டினால் தோலும் போச்சு, கூரும் போச்சு.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் வேலை முடிந்ததே என்று கேட்கலாம். அரிவாள்மனைக்கு அவர் கைகண்டவர். ஆனால் சக்கரத்தின் சூடு சவரக்கத்தியின் மெல்லிய வாயில் நொடியில் ஏறிவிடும். எஃகின் பதம் போய், நீலம் பாய்ந்த இடம் பிறகு கூரை ஏந்தாது. கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையோ, வாயை ஒட்டிய துருக்குழியோ உள்ள கத்தியை மட்டும், கல்லில் தீட்டத் தெரிந்தவரிடம் தர வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். துருக்குழி ஆழமாக இருந்தால் எத்தனை தேய்த்தாலும் அடியில் இன்னொரு குழிதான் வரும். கத்தி வடிவில் மலிவாக விற்கும் மெத்தெஃகுச் சாமான்களும் அப்படித்தான், வாங்கிய மறுநாளே மழுங்கும்.

சில ரூபாய்க்குப் பிளேடு கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் பிளேடுதான் ஜெயிக்கும், மறுக்கவில்லை. சலூன்கள் பிளேடு மாற்றும் கத்திக்கு மாறியதும் சரியே. ஹெப்படைட்டிஸ் பி, எச்.ஐ.வி. போன்றவை ரத்தத்தின் வழியே தொற்றக்கூடியவை என்பதால், வீட்டுக் கத்தியையும் அண்ணன் தம்பி பங்கு போடக் கூடாது. ஆனால் தாத்தாவின் பெட்டியில் நல்ல ஜெர்மன் சோலிங்கன் கத்தி கிடக்கிறவருக்குக் கணக்கு வேறு. அவருடைய செலவு இரண்டு தாள், ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு பச்சைக் கட்டி, ஒரு பழைய பெல்ட். அதோடு, சவரம் முடிந்து துடைத்துக் காயவைத்த கத்தியில் தடவ ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும்.