இரண்டே ஆண்டு அவகாசம்: அமெரிக்க முன்னாள் படைவீரரின் மருத்துவ இழப்பீடும் கல்வி உரிமையும்

அமெரிக்காவில் படையை விட்டு வெளியே வந்தவருக்கு வைத்தியம் பார்ப்பதும், அவர் படிப்புக்குப் பணம் கட்டுவதும் ஒரே துறைதான்: முன்னாள் படைவீரர் நலத்துறை. சுமார் 170 மருத்துவ மையங்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புறநோயாளர் மையங்களையும் அது தானே நடத்துகிறது. ஆனால் அந்தத் துறையிடம் கல்லூரிக் கட்டணம் கேட்டுப் போவது ஒரு விதம். அதன் மருத்துவர் செய்த தவறுக்கு நஷ்டஈடு கேட்டுப் போவது வேறு விதம். முதலாவது, பணியாற்றிய மாதங்களை எண்ணிக் கொடுக்கப்படும் உரிமை. இரண்டாவது, ஒரு படிவத்திலோ தேதியிலோ பிசகினால் கைநழுவிப் போகும் கோரிக்கை.

அரசின் சம்மதமில்லாமல் அரசின் மீது வழக்குப் போட முடியாது என்பது பழைய கோட்பாடு. 1946-ல் வந்த ஃபெடரல் தீங்கியல் உரிமைகோரல் சட்டம் அந்தச் சம்மதத்தைக் கொடுத்தது. கூடவே நிபந்தனைகளையும் விதித்தது. சிகிச்சையில் தவறு செய்த மருத்துவரோ செவிலியரோ பிரதிவாதி ஆக மாட்டார். அமெரிக்க அரசே பிரதிவாதி. நேராக நீதிமன்றம் போகவும் முடியாது. முதலில் ‘படிவம் 95’ என்ற மனுவைத் துறையிடம் கொடுக்க வேண்டும். என்ன நடந்தது என்பதோடு, எவ்வளவு டாலர் வேண்டும் என்பதையும் அதில் குறிப்பாக எழுத வேண்டும். ‘தகுந்த தொகை தருக’ என்று பொதுவாக எழுதினால் மனு செல்லாது. எழுதிய தொகைக்கு மேல் பிறகு நீதிமன்றத்தில் கேட்பதும், புதிய ஆதாரம் ஏதும் வெளிப்பட்டாலொழிய, நடவாது. மனுவுக்குக் கட்டணம் இல்லை. தேதிதான் முக்கியம்: இரண்டு ஆண்டுக்குள் மனு துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மனுவைப் பரிசீலிக்கத் துறைக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. மறுத்துக் கடிதம் வந்தால், அடுத்த ஆறு மாதத்துக்குள் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். ஜூரி கிடையாது, நீதிபதி மட்டுமே தீர்ப்பளிப்பார். தண்டனையாக விதிக்கும் கூடுதல் இழப்பீடும் கிடையாது. தவறு எந்த மாநிலத்தில் நடந்ததோ அந்த மாநிலத்தின் சட்டமே அளவுகோல் என்பதால், வலிக்கும் வேதனைக்குமான தொகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் டெக்சஸ், கலிபோர்னியா போன்ற இடங்களில் கிடைப்பதும் அந்த வரம்புக்குள்தான். வழக்கறிஞருக்கு, துறையுடன் சமரசமாக முடிந்தால் 20 சதவீதமும் வழக்குக்குப் போனபின் என்றால் 25 சதவீதமும் அதிகபட்சக் கட்டணம். பணம் மருத்துவமனையின் பட்ஜெட்டிலிருந்து போவதில்லை. அரசுக் கருவூலத்தில் இதற்கென உள்ள தீர்ப்பு நிதியிலிருந்து போகிறது. தவறு செய்த மருத்துவமனையின் கணக்கேட்டில் அதன் சுவடே தெரியாது என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம்.

இரண்டு ஆண்டு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதற்கு விடை சொன்னது குப்ரிக் வழக்கு. 1968-ல் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரி நகரில் உள்ள துறை மருத்துவமனையில் குப்ரிக் என்ற முன்னாள் படைவீரரின் தொடையெலும்புத் தொற்றை நியோமைசின் மருந்தால் கழுவினார்கள். சில வாரங்களில் காதில் இரைச்சல். பிறகு கேட்கும் திறன் குறைந்தது. அந்த மருந்து காரணமாக இருக்கலாம் என்று 1969 ஜனவரியில் ஒரு காது மருத்துவர் சொன்னார். அந்த மருந்தை அப்படிப் பயன்படுத்தியதே தவறு என்று வேறொரு மருத்துவர் சொன்னபோது 1971 ஆகிவிட்டது. கீழ் நீதிமன்றம் 3 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு மேல் வழங்கியது. 1979-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாதிப்பும் அதன் காரணமும் தெரிந்த நாளிலிருந்தே காலக்கெடு ஓடும். அது மருத்துவத் தவறு என்று நோயாளிக்குப் புரிந்ததா என்பது கணக்கில் வராது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மருந்தின் முறையான உபயோகம் பற்றி நோயாளி மருத்துவருக்குச் சமமாக அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கடுமையானதுதான். ஆனாலும் அந்த விதி இன்றும் நிற்கிறது.

இன்னொரு பொறி, ஒப்பந்த மருத்துவர்கள். துறை மருத்துவமனைக்குள்ளேயே வேலை பார்த்தாலும், அரசின் ஊழியராக இல்லாமல் ஒப்பந்தத்தில் இருப்பவரின் தவறுக்கு 1946 சட்டம் பொருந்தாது. அவர் மீது மாநிலச் சட்டப்படி தனியே வழக்குப் போட வேண்டும். அங்கே சில மாநிலங்களில் கெடு ஓராண்டுதான். மருத்துவர் எந்த வகை என்று நோயாளிக்குத் தெரிய வழியில்லை. துறை பல மாதம் கழித்து ‘அவர் எங்கள் ஊழியர் அல்லர்’ என்று பதில் எழுதும்போது மாநிலக் கெடு முடிந்திருக்கும். இந்த நிலையை மாற்ற, மனு கொடுத்தவருக்கு அந்த விவரத்தைத் துறையே தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

நீதிமன்றத்துக்கே போகாத வழி ஒன்றும் இருக்கிறது. முன்னாள் படைவீரர் சட்டத்தின் 1151-ஆம் பிரிவின்படி, துறையின் சிகிச்சையால் வந்த உடற்பாதிப்பைப் படைச் சேவையில் வந்த பாதிப்பைப் போலவே கருதி மாதாமாதம் தொகை கேட்கலாம். இரண்டாண்டுக் கெடு இதற்கு இல்லை. ஆனால் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால்தான் பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து தொகை கணக்கிடப்படும். வழக்கில் தோற்ற குப்ரிக்குக்கு, அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1975-ல் இதே பிரிவின் முன்வடிவப்படி மாதத் தொகை உயர்த்தப்பட்டது. 1994-ல் கார்ட்னர் என்ற கொரியப் போர் வீரரின் வழக்கில், இந்தத் தொகைக்கு மருத்துவரின் தவறை நிரூபிக்கவே வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. வெற்றி நீடிக்கவில்லை. கவனக்குறைவையோ எதிர்பார்த்திருக்க முடியாத விளைவையோ காட்ட வேண்டும் என்று 1996-லேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திவிட்டது. வழக்கிலும் ஜெயித்து மாதத் தொகையும் பெறுபவருக்கு, வழக்கில் வாங்கிய பணம் ஈடாகும்வரை மாதத் தொகை நிறுத்தி வைக்கப்படும்.

பணியில் இருக்கும்போதே ராணுவ மருத்துவரால் பாதிக்கப்பட்டவர் நிலை இன்னும் மோசம். உச்ச நீதிமன்றத்தின் 1950-ஆம் ஆண்டு ஃபெரஸ் தீர்ப்பில் சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்று ஜெஃபர்சனுடையது. ராணுவத்தில் இருந்தபோது அவருக்கு வயிற்றில் அறுவை நடந்தது. சுமார் எட்டு மாதம் கழித்து, பணியிலிருந்து விடுபட்ட பின் நடந்த வேறோர் அறுவையில் 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம் உள்ள துண்டு ஒன்றை வயிற்றிலிருந்து எடுத்தார்கள். அதில் அமெரிக்க ராணுவ மருத்துவத் துறையின் முத்திரை இருந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி ஒரு வழக்குக்கு வாய்ப்பது அரிது. ஆனால் பணியின் போக்கில் நேர்ந்த பாதிப்புக்கு வழக்கே இல்லை என்று தீர்ப்பானது. நுரையீரல் புற்றுநோயை ராணுவ மருத்துவமனை கவனிக்கத் தவறிய சார்ஜென்ட் ரிச்சர்ட் ஸ்டேஸ்கலின் போராட்டத்துக்குப் பிறகு, 2019 டிசம்பரில் பாதுகாப்புத் துறையிடமே இழப்பீட்டு மனு கொடுக்க வழி பிறந்தது. நீதிமன்றக் கதவு இன்னும் மூடியே இருக்கிறது.

கல்வி உதவியின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அதிபர் ரூஸ்வெல்ட் 1944 ஜூன் 22-ல் கையெழுத்திட்ட ‘ஜி.ஐ. பில்’ ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும் மாதச் செலவுக்குப் பணமும் கொடுத்தது. 1956-க்குள் 78 லட்சம் பேர் அதில் பயின்றார்கள். 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு அதே சட்டம் அதே அளவு பலனைத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று நடைமுறையில் உள்ள முக்கியத் திட்டம், 2008-ல் இயற்றப்பட்டு 2009 ஆகஸ்டில் தொடங்கியது. 2001 செப்டம்பர் 10-க்குப் பிறகு மொத்தம் 36 மாதம் முழுநேரப் பணியில் இருந்தவருக்கு அரசுக் கல்லூரியில் அந்த மாநிலத்தவர் கட்டும் கட்டணம் முழுவதும், வீட்டு வாடகைப்படி, புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை கிடைக்கும். 90 நாள் மட்டும் பணியாற்றியவருக்கு இதில் பாதி. சலுகை 36 மாதப் படிப்புக்கு. மனைவி, மக்களுக்கு மாற்றித் தரலாம்; ஆனால் பணியில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். விலகிய பிறகு அந்த எண்ணம் வந்து பயனில்லை. குடும்ப வருமானத்தை இது பார்ப்பதில்லை. மருத்துவ வழக்கில் லட்சக்கணக்கில் இழப்பீடு பெற்றவருக்கும் ஒரு டாலர் குறையாது. பழைய திட்டம், புதிய திட்டம் இரண்டுக்கும் தனித்தனிப் பணிக்காலத்தில் தகுதி பெற்றவர் 48 மாதம் வரை பயன்படுத்தலாம் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பெற்றவர், மீண்டும் ராணுவத்தில் மதகுருவாகச் சேர யேல் இறையியல் பள்ளியில் படிக்க விரும்பிய ஜேம்ஸ் ரூடிசில்.

படைச் சேவையால் உடல் பாதிக்கப்பட்டு, அதனால் வேலை தேடுவது சிரமமானவர்களுக்குத் தொழிற்பயிற்சித் திட்டம் தனியே உண்டு. இழப்பீடும் கல்வியும் சந்திக்கும் இடம் இங்கேதான்: இந்தப் பயிற்சியின்போதே அதன் காரணமாகக் காயம் பட்டால் அதற்கும் 1151-ஆம் பிரிவில் மாதத் தொகை கேட்கலாம், அங்கே யாருடைய கவனக்குறைவையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

கல்விச் சலுகையை 15 ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்றிருந்த வரம்பை, 2013 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ விலகியவர்களுக்கு 2017-ன் சட்டம் அடியோடு நீக்கியது. மருத்துவத் தவறுக்கான மனுவின் கெடு 1946-ல் ஓராண்டாக இருந்தது. 1949-ல் இரண்டாண்டு ஆனது. அதற்குப் பிறகு அது நீளவில்லை.