பொங்குகிற நுரையில்தான் சரக்கு

பாத்திரம் கழுவும் திரவத்துக்கு இனிப் பெட்ரோலியமே வேண்டாம், பாக்டீரியா போதும் என்று அடிக்கடி செய்தி வருகிறது. சர்க்கரையைத் தின்று பாக்டீரியா தரும் ராம்னோலிப்பிடு என்ற அழுக்குநீக்கிக்காக எவோனிக் நிறுவனம் 2024-இல் ஸ்லோவாக்கியாவில் ஆலை திறந்தது உண்மைதான். ஆனால், இத்தொழிலின் பெரிய தலைவலியான நுரையைப் பற்றி அந்தச் செய்திகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

பாக்டீரியா தரும் இந்த வகை அழுக்குநீக்கிகளில் பேர்போன சர்ஃபாக்டினை ஜப்பானியர் 1968-இலேயே அறிவித்துவிட்டார்கள். அது தண்ணீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து சுமார் 27-க்கு இறக்கும். வரலாறு இவ்வளவு போதும்.

பாக்டீரியா மூச்சுவிட நொதிகலனின் அடியிலிருந்து காற்றை ஊதுகிறார்கள். மேலேறும் குமிழி ஒவ்வொன்றும் சர்ஃபாக்டினைப் பூசிக்கொள்கிறது. இரு குமிழிகளுக்கு நடுவே உள்ள நீர்ச்சவ்வு ஓரிடத்தில் மெலிந்தால், அங்கே மூலக்கூறுகள் விலகி நிற்கும்; அந்த இடத்தில் மட்டும் இழுவிசை கூடும்; அது சுற்றுப் பரப்பைத் தன் பக்கம் இழுக்கும்; பரப்போடு ஒட்டிக்கொண்டு தண்ணீரும் ஓடிவந்து பள்ளத்தை நிரப்பும். கிழியப்போன இடம் தன்னைத் தானே தைத்துக்கொள்கிறது! மாரங்கோனி விளைவு என்பார்கள். எத்தனை முறை படித்தாலும் அலுக்காத இயற்பியல்.

அடுப்பில் பால் பொங்கினால் தீயைக் குறைப்போம். இங்கே தீ என்பது காற்று. குறைத்தால் பாக்டீரியா திணறும். தண்ணீர் தெளிப்போம். இங்கே தெளிப்பது சிலிகோன் எண்ணெய். சவ்வை உடைக்கும்தான், ஆனால் தண்ணீர் கலந்த பால்போலச் சரக்கும் கலப்படமாகும், ஆக்சிஜன் கரைவதும் குறையும். கரண்டியால் துழாவுவோம். சுழலும் தகடுகள் இந்தப் பிடிவாத நுரைக்குப் பெரும்பாலும் போதாது. பொங்கி வழிந்தாலோ, காற்று வெளியேறும் வடிகட்டி நனைந்து அடைபடும், வேற்றுக் கிருமி புகும், அந்த ஈடு முழுதும் பாழ்.

பொங்கட்டும் என்று விடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. சர்ஃபாக்டின் குமிழியின் பரப்பில்தானே குவிகிறது? நுரையைக் குழாய் வழியே வேறு கலத்துக்குக் கொண்டுபோய் அடங்கவிட்டால், கிடைக்கும் நீரில் சரக்கு பன்மடங்கு செறிந்திருக்கும். அமிலம் விட்டால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். 1981-இல் கூப்பர் என்ற ஆய்வாளரின் குழுவினர் நுரையைத் தொடர்ந்து அகற்றியும், இரும்பு, மாங்கனீசு உப்புகளைச் சேர்த்தும் விளைச்சலைக் கூட்டினார்கள். சிக்கல் ஒன்று உண்டு: நுரையோடு பாக்டீரியாவும் ஏறிப் போய்விடும்.

இதே வகையில், ஈஸ்ட் ஒன்று தரும் சோஃபோரோலிப்பிடு அவ்வளவாக நுரைக்காது. லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். மலிவாகக் கடைக்கு வரப்போவது முதலில் அதுதான் என்பது என் கணிப்பு.